கூர்மைக்குச் சாட்சி

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் பெருஞ்சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்கும் இடத்தில் சேரப்பணஞ்சேரி என்னும் கிராமம் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் அவ்வழியே சென்றவர்கள் ஏரிகளையும் நெல் வயல்களையும் கண்டு சென்றார்கள். இன்று செல்வோர் ஆலைகளைக் காண்கிறார்கள். ரெனோ, நிஸ்ஸான் கம்பெனிகள் கூடி அமைத்த மோட்டார் ஆலை 2010-லும், டெய்ம்லர் கம்பெனியின் லாரி ஆலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் மோட்டார் சைக்கிள் ஆலை 2013-லும் இவ்வட்டாரத்தில் வேலை தொடங்கின. பல ஜில்லாக்களிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஷிப்டு முறையில் அங்கே உழைக்கிறார்கள். அவர்களுக்குச் சோறிடும் கடைகளும், தங்குமிடமளிக்கும் விடுதிகளும், முடி வெட்டும் சலூன்களும் சாலையோரத்தில் முளைத்திருக்கின்றன.

அத்தகைய சலூன் ஒன்றில் சற்று நேரம் உட்கார்ந்திருப்போர் காணும் காட்சி இது. தொழிலாளி காகித உறையிலிருந்து ஒரு பிளேடை எடுக்கிறார். அதை இரண்டாக ஒடிக்கிறார். பாதியைக் கத்திப் பிடியில் செருகுகிறார். சவரம் முடிந்ததும் அந்தப் பாதியை உருவி டப்பாவில் போடுகிறார். அது கூராக இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. அந்த வேலையை எங்கோ ஓர் ஆலையில் யந்திரம் செய்து முடித்துவிட்டது. ஆனால் அவருடைய பாட்டனார் காலத்தில் ஒரே கத்தி இருபது வருஷமும் முப்பது வருஷமும் உழைத்தது. தீட்டித் தீட்டி அலகு தேய்ந்து, பாதி அகலமாகக் குறுகிய பிறகும் அது அடைப்பத்தில் இருந்தது. தீட்டிய ஒவ்வொரு முறையும், அயலானொருவனுடைய கழுத்தில் வைப்பதற்கு முன், அது தக்க பதத்துக்கு வந்துவிட்டதா என்பதை அந்தப் பாட்டனார் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எதைக் கொண்டு தீர்மானித்தார்?

தேச காரியங்களைப் பற்றிப் படிக்க வேண்டிய பக்கத்தில் நாவிதர் கத்தியைப் பற்றி என்ன பேச்சு என்று சில நேயர்கள் நினைக்கலாம். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். நம்மவருடைய கைத்திறமைக்கு நாமே அளித்த மதிப்பு எவ்வளவு, அந்நியர் அதனிடம் கற்றுக்கொண்டது எவ்வளவு என்ற கணக்கும் இந்தக் கத்தியோடு சேர்ந்தே வருகிறது.

முதலில் கத்தியின் வாய் என்பது என்னவென்று பார்ப்போம். இரண்டு சரிவுகள் வந்து சந்திக்கும் கோடே வாய். சவரக்கத்தியைத் தீட்டுகிறவன் அதன் முதுகையும் வாயையும் ஒருங்கே கல்லின்மேல் படிய வைத்துத் தள்ளுகிறான். ஆதலால் கோணத்தை அவன் ஊகிக்க வேண்டியதில்லை. கத்தியைச் செய்த கொல்லனே முதுகின் பருமனில் அக்கோணத்தை வைத்துக் கொடுத்திருக்கிறான். அது ஏறக்குறைய 16, 17 டிகிரி. சரிவுகள் சந்திக்கும் கோடு எவ்வளவு மெல்லியதாகிறதோ அவ்வளவுக்குக் கூர்மை. மனிதனுடைய மயிரின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். நன்றாகத் தீட்டி வாரில் இழுத்த சவரக்கத்தியின் வாயோ அந்த மயிரிலும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே பருமனுடையது. அஃதாவது, நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலை நீளத்தைவிட அது சிறியது. அதனால் சாதாரணப் பூதக்கண்ணாடியும் மைக்ராஸ்கோப்பும் அந்த வாயின் பக்கச் சரிவுகளைக் காட்டுமேயன்றி வாயின் பருமனை உள்ளபடி காட்ட மாட்டா. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பு வரும் வரையில் கூர்மையைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை. கத்தி செய்யும் காரியத்தைக் கொண்டுதான் கூர்மையை அறிய முடிந்தது. கூர்மைக்குச் சாட்சி அதன் செயலே.

ஆனால் செயலைக் கொண்டு அறிவதும் எளிதன்று. சாட்சிகள் பலர், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மட்டுமே அறிந்தவர்கள்.

விளக்கே முதற் சாட்சி. கத்தியின் வாய் மேல்நோக்கியிருக்கும்படி விளக்கருகே பிடித்துத் திருப்பிப் பார்த்தால், மழுங்கிய இடம் ஒளியைத் திருப்பி வீசி வெள்ளை இழைபோல் மின்னும். கூரான வாய் மின்னாது. ஒளியைத் திருப்புவதற்கு அங்கே இடமில்லை. பளபளப்பைக் கண்டு மயங்குகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். வாய் மின்னும் கத்தி மழுங்கிய கத்தியாகும்.

அடுத்த சாட்சி கட்டைவிரல் நகம். நகத்தை நனைத்துக்கொண்டு, கத்தியை அதன் கனத்தாலன்றி வேறு அழுத்தமின்றி அதன்மேல் வைத்து, அடியிலிருந்து நுனி வரையில் மெல்ல இழுக்க வேண்டும். மழுங்கிய வாய் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கும். வாயில் எங்கேனும் பல் விழுந்திருந்தால் அவ்விடத்தில் வெடுக்கென்று தட்டும். நல்ல வாய் நகத்தைச் சீராகப் பற்றிக்கொண்டு, எங்கும் ஒரே இழுப்பாக வரும். கண்ணுக்குத் தெரியாத பல்லை நகம் காட்டிக் கொடுக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் இச்சோதனையில் ஒரு கேடும் உண்டு. நகத்தில் இழுபட்ட வாய் இழுபடாத வாயாகாது. ஆகவே தேர்ந்தவர்கள் தீட்டும் வேலையின் நடுவில், கரடான கல்லிலிருந்து மெல்லிய கல்லுக்கு மாறும்போதுதான் நகத்தை நாடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு நகத்தில் வைத்துப் பார்க்கிறவன், சோறு வெந்த பிறகும் கிளறிக்கொண்டே இருப்பவனுக்கு ஒப்பானவன்.

மூன்றாவது, கட்டைவிரலின் சதை. வாயின் நீளத்தில் விரலை ஓட்டினால் ரத்தம் வரும். குறுக்கே லேசாகத் தொட்டு விலக்கினால் கூரான வாய் தோலில் ஒட்டிக்கொள்வதுபோல் தோன்றும். இந்த உணர்வை எழுத்தில் எழுதிக் காட்ட இயலாது. நூறு கத்திகளைத் தொட்ட விரலுக்கே அது விளங்கும்.

நான்காவது, முன்கையின் மயிர். யாவரும் செய்து காட்டுவது இதைத்தான். பார்ப்போர் வியப்பதும் இதைக் கண்டுதான். ஆனால் தோலோடு ஒட்டி மயிரை மழிப்பது பெரிய காரியமன்று. கரடாகத் தீட்டிய சமையற் கத்தியும் அதைச் செய்துவிடும். தோலைத் தொடாமல், கால் அங்குலத்துக்கு மேலே கத்தியை மிதக்கவிட்டுக் கொண்டு போகும்போது மயிரின் தலைகள் தாமாகக் கொய்யப்பட்டு உதிருமானால், அப்போது அந்தக் கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

ஐந்தாவது, தொங்கும் மயிர். தலைமயிர் ஒன்றை இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு, பிடித்த இடத்திலிருந்து ஓரங்குலத் தூரத்தில் கத்தியின் வாயை அதனருகே கொண்டுபோக வேண்டும். மயிருக்கு ஆதாரம் பிடித்த விரலே. மறுமுனை காற்றில் ஆடுகிறது. அதை விலக்கித் தள்ளாமல், தொட்ட மாத்திரத்தில் கத்தி துணிக்க வேண்டும். துணிபடும்போது மிக மெல்லிய ஓசை எழும். அமைதியான அறையில் அதைக் கேட்கலாம். இதுவே எல்லாச் சோதனைகளிலும் நேர்த்தியானது என்பர். எனினும் இதிலும் வழு உண்டு. மயிரின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரைபோன்றது. நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேலொன்றாகப் படிந்திருக்கின்றன. வேர்ப் பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிடுவதற்கும் நுனிப் பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிடுவதற்கும் பலனில் வேற்றுமை காணும். ஒருவருடைய மயிர் பட்டுப்போன்றது, மற்றொருவருடையது கம்பிபோன்றது. நனைந்த மயிரும் வறண்ட மயிரும் ஒன்றல்ல. ஆகவே ஒரே தலையின் மயிரை, ஒரே முறையில் கழுவி, ஒரே பக்கத்தைப் பிடித்துச் சோதிக்கிறவனே நேற்றைய கத்தியையும் இன்றைய கத்தியையும் ஒப்பிட்டுப் பேசத் தகுந்தவன்.

நிற்க. இத்தனை சாட்சிகளையும் ஒருங்கே ஏமாற்றக்கூடிய ஒரு வஞ்சகம் தீட்டிய கத்தியில் இருக்கிறது. அதற்குப் பட்டறைகளில் பிசிறு என்று பெயர். கல்லில் ஒரு பக்கத்தையே அதிகமாகத் தேய்த்துவிட்டாலும், அளவுக்கு மிஞ்சித் தேய்த்தாலும், வாயின் விளிம்பிலுள்ள உலோகம் அறுந்து விழாமல், காகிதத்திலும் மெல்லிய மடிப்பாக மறுபக்கம் வளைந்து நிற்கும். அந்தப் பிசிறு நிமிர்ந்து நிற்கும்வரையில் மகா கூர்மையாக இருக்கும். முன்கை மயிரை மழிக்கும். தொங்கும் மயிரையும் துணிக்கும். பார்ப்பவர்கள் பலே என்பார்கள். கன்னத்தில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தவுடன் அது மடங்கிச் சாயும், அல்லது துண்டு துண்டாக ஒடியும். கத்தி மழுங்குவதோடு தோலும் கிழியும். மேடையேறி முதல் ஐந்து நிமிஷம் அனல் பறக்கப் பேசி, ஆறாவது நிமிஷம் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கும் பிரசங்கிகள் நமக்குப் புதியவர்களல்லர்.

பிசிறைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு வழியே உண்டு. கத்தியின் முதுகிலிருந்து வாய்க்கு அப்பால் விரலை வழுக்கிப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு புறமும், பின்பு மறுபுறமும். ஒரு புறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் தட்டினால் பிசிறு இருக்கிறதென்பது நிச்சயம். பிறகு அழுத்தமே இல்லாமல் இருபுறத்தையும் மாற்றி மாற்றிக் கல்லில் தடவி, மரக்கட்டையின் குறுக்கு வெட்டில் ஒருமுறை வாயை இழுத்து, தோல்வாரில் முதுகு முன்செல்ல வாய் பின்தொடரும்படி பல தடவை தீட்டினால் பிசிறு நீங்கி, உண்மையான வாய் வெளிப்படும். வாருக்கு வழியில்லாத வேளையில் உள்ளங்கையிலேயே இழுத்துக்கொள்வதை நம்மில் வயது முதிர்ந்தோர் கண்டிருப்பார்கள். பிசிறு நீங்கிய கத்தி சில வேளைகளில் முன்னைவிடக் கூர்மை குறைந்ததுபோல் விரலுக்குத் தோன்றும். ஆனால் அதுதான் சவரத்தை முடிக்கும் கத்தி.

ஆகவே இறுதித் தீர்ப்பு முகத்தினுடையது. தாடையின் கீழும் கழுத்திலும், மயிர் சுழித்து வளரும் இடங்களில் கத்தி இழுக்காமல் போகிறதா? முடிந்த பிறகு தண்ணீர் பட்டால் எரிகிறதா? படிகாரம் வைத்தால் எத்தனை இடத்தில் கடுக்கிறது? கூர்மை வேறு, மென்மை வேறு என்பதைக் கல்லும் மயிரும் சொல்ல மாட்டா, முகம் சொல்லும். முந்தைய ஐந்து சோதனைகளும் கத்தி முகத்துக்குப் போகத் தகுதியற்றது என்று சொல்ல வல்லவையே தவிர, தகுதியுடையது என்று சொல்ல வல்லவையல்ல.

மயிரைக் கொண்டு கத்தியைச் சோதிப்பது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று யாரேனும் எண்ணினால் அது தவறு. சுசுருத சங்கிதையின் சூத்திரஸ்தானத்து எட்டாம் அத்தியாயம் ரண சிகிச்சைக்குரிய ஆயுதங்களைப் பற்றியது. எந்த ஆயுதத்தின் வாய் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டுமென்று அது பருப்பையும் மயிரையும் அளவாக வைத்துச் சொல்கிறது. அறுக்கும் ஆயுதத்துக்கு விதித்த அளவு பாதி மயிர். தீட்டுவதற்கு உளுந்தின் நிறமுள்ள வழவழப்பான கல்லையும், தீட்டிய வாயை நிலைப்படுத்துவதற்கு இலவ மரப் பலகையையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மயிரைத் துணிக்கும்படி தீட்டப்பட்ட பிறகே ஆயுதத்தைக் காரியத்தில் ஈடுபடுத்தலாம் என்று முடிக்கிறது. கல், பலகை, மயிர் ஆகிய மூன்றும் அங்கேயே இருக்கின்றன. இன்று தோல்வார் செய்யும் வேலையை அன்று இலவம்பலகை செய்தது.

கத்திக்கு உலோகமும் கல்லும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரும்புத் துண்டுகளையும் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மண்மூசையில் வைத்து மூடி, உலையில் காய்ச்சி, உருக்குக் கட்டிகளை எடுக்கும் தொழில் தென்னாட்டில் நெடுங்காலம் நடந்தது. பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் அத்தகைய மூசைகளின் உடைசல்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். ஐரோப்பியர் இதை 'ஊட்ஸ்' என்றனர். கன்னடத்து உக்கு என்பதும் தமிழின் உருக்கு என்பதும் அச்சொல்லுக்கு மூலம் என்பர். உருக்கைத் தேய்க்கும் குருந்தக் கல் சேலம் ஜில்லாவில் சித்தம்பூண்டி முதலிய இடங்களில் கிடைத்தது. அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். உலகத்து ரசாயன நூல்களிலெல்லாம் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லின் மருவே. 1954-ல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனி இன்று செயற்கை முறையில் அதே பொருளைச் செய்து சாணைகளாக்கி விற்கிறது. அதன் ஆலைகளில் ஒன்று ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது லண்டனில் நடந்தது. 1794-ல் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட், ராயல் சொஸைட்டியின் தலைவரான ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்கு நமது உருக்கில் சில கட்டிகளை அனுப்பினார். மறு வருஷம் டாக்டர் ஜார்ஜ் பியர்ஸன் அவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அச்சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பம்பாயில் செய்த சரக்கென்று அதன் தலைப்பிலே போட்டிருந்தார்கள். அனுப்பிய துறைமுகத்தின் பெயரே செய்த ஊரின் பெயராகிவிட்டது. அது கிடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பியர்ஸன் வைத்தியர், ரசாயனத்தில் வல்லவர். அமிலங்களை ஊற்றிப் பார்க்க அவருக்குத் தெரியும்; கத்தி அடிக்கத் தெரியாது. ஆகவே ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கொல்லரிடம் ஒரு துண்டைக் கொடுத்து, பேனாக்கத்தி ஒன்று செய்யச் சொன்னார்கள். சூடு மிஞ்சினால் உதிர்ந்துபோகும் அந்த உருக்கை ஸ்டோடார்ட் மங்கிய சிவப்புக்கு மேல் போகாமல் காய்ச்சி, வெகு சிரமப்பட்டு அடித்து, தீட்டிப் பார்த்தார். சிறந்த உருக்கில் செய்த கத்திக்கு அதன் வாய் குறைந்ததன்று என்று கண்டார். அடிப்பதற்குக் கஷ்டமானாலும், இங்கிலாந்தில் வழங்கும் எந்த உருக்கையும்விட இது பல காரியங்களுக்கு மேலானது. இன்னும் மெல்லிய, உறுதியான, நெடுநாள் நிற்கும் வாயை இது தாங்கும் என்பது அவர் முடிவு. பியர்ஸன் அதைத் தம் கட்டுரையில் எழுதி வைத்தார்.

ஸ்டோடார்ட் அத்தோடு விடவில்லை. ஸ்ட்ராண்டு வீதியிலிருந்த தம் கடையில் ரண சிகிச்சை ஆயுதங்களையும் சவரக்கத்திகளையும் இந்திய உருக்கில் செய்து விற்றார். பல வருஷம் ஒப்பிட்டுச் சோதித்த பிறகே ஐரோப்பாவின் சிறந்த உருக்கைக் காட்டிலும் இதை விரும்பி எடுத்துக்கொண்டதாகக் கடையின் விளம்பரச் சீட்டிலும் அச்சடித்தார். பின்னர் மின்சார சாஸ்திரத்தில் பெரும் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே 1819-ல் இதே உருக்கைப் பகுத்து ஆராய்ந்தார். அவர் தகப்பனாரும் கொல்லர். அதன் ரகசியம் அலுமினியக் கலப்பில் இருப்பதாக அவர் கருதியது பின்னால் பிழையென்று தெரிந்தது. எனினும் அந்த ஆராய்ச்சியிலிருந்தே ஸ்டோடார்டும் அவரும் சேர்ந்து உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றைக் கலந்து பார்க்கத் தொடங்கினர். 1820-லும் 1822-லும் கட்டுரைகள் வெளியிட்டனர். புதிய உருக்கு நல்லதா அல்லவா என்பதை அறிவதற்குக் கூரான ஆயுதங்களைச் செய்து பார்ப்பதும் அவர்கள் கைக்கொண்ட வழியாக இருந்தது. அக்கலப்பு உருக்கொன்றில் செய்த சவரக்கத்திகளைப் பாரடே தம் நண்பர்களுக்குப் பரிசாக அளித்து வந்தார். ஸ்டோடார்ட் 1823-ல் இறந்தார். 1931-ல் ஸர் ராபர்ட் ஹாட்பீல்டு, பாரடே விட்டுச் சென்ற உருக்குத் துண்டுகளை எடுத்து மறுபடி ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். கலப்பு உருக்கு என்னும் பெருந்தொழிலின் தொடக்கங்களுள் ஒன்று இந்த ஆராய்ச்சி.

அந்தக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதென்று பாருங்கள். முதலில் ஸ்டோடார்ட், பிறகு பாரடே. கத்திக் கொல்லர் பெயர் முன்னும் சாஸ்திரியார் பெயர் பின்னுமாக ராயல் சொஸைட்டியின் ஏட்டில் அச்சேறியது.

நம் நாட்டில் என்ன நடந்தது? உருக்கு நம்முடையது, குருந்தம் நம்முடையது, மயிர்ச் சோதனையை எழுதி வைத்த நூலும் நம்முடையது. அந்த நூலைப் படித்தவர் திண்ணையின்மேல் இருந்தார். கத்தியைத் தீட்டியவர் கொல்லைப்புறத்தில் நின்றார். நாவிதர் ஊருக்கு ரண வைத்தியர். அவர் வீட்டுப் பெண்மணி ஊருக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அக்குலத்துக்கு மருத்துவர் என்ற பெயரே பல இடங்களில் வழங்கியது. இருந்தும் அவருக்குக் கூலி அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்த நெல். மரியாதை அதனிலும் குறைவு. கத்தி எப்போது பதமாயிற்று என்று அவர் விரலுக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ள எந்தப் பண்டிதரும் அவரருகே உட்கார்ந்ததில்லை. உருக்குக் காய்ச்சிய கொல்லரிடமும் எவரும் கேட்டு எழுதவில்லை. மூசையில் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டார்கள் என்ற செய்தியையே நாம் ஹீத் முதலிய வெள்ளைக்காரர் எழுதிய குறிப்புகளில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்து நடத்தி, பிறகு இங்கிலாந்துக்குச் சென்று, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் உரிமைப் பத்திரம் பெற்றவர். அம்முறையால் ஷெபீல்டு நகரத்துக் கத்தி வியாபாரம் செழித்தது. அவரோ வழக்குகளில் அலைந்து 1851-ல் இறந்தார். அந்த ஷெபீல்டிலிருந்தும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்தும் வந்த கத்திகளையே பின்பு நம் ஊர்ச் சலூன்கள் பெருமையாக வாங்கி வைத்தன. அந்நியச் சரக்கை வாங்கினோம் என்பதைவிட, நம் சரக்கையும் அந்நியச் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மயிரைத் தொங்கவிட்டுப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை என்பதே எமக்கு அதிக வருத்தம். ஸ்டோடார்டுக்கு அது தோன்றிற்று.

பிறகு பிளேடு வந்தது. அமெரிக்கராகிய ஜில்லெட் 1904-ல் உரிமை பெற்ற சிறு கருவி, முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் மூட்டைகளில் ஏறி உலகமெங்கும் பரவியது. தீட்டத் தெரியாதவனும் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளலாயிற்று. சலூன்களில் மட்டும் பழைய கத்தி இன்னும் சில காலம் நின்றது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். அதன்பின் ஒருவருக்கு வைத்த கத்தியை மற்றொருவருக்கு வைப்பதைப் பற்றி ஜனங்களுக்கு அச்சம் பிறந்தது. புதுப் பிளேடு போடுமாறு கேட்பது வழக்கமாயிற்று. ரத்தத்தின் வழியே பரவும் காமாலைக் கிருமிகளுக்கும் பொதுக் கத்தி நல்ல வாகனம். தோலில் கத்தியின் பதம் பார்ப்பதும், உள்ளங்கையில் தீட்டிக்கொள்வதும் தொழிலாளிக்கும் வாடிக்கைக்காரருக்கும் ஒருங்கே ஆபத்து என்பதை இன்று நாம் அறிவோம். ஆதலால் சேரப்பணஞ்சேரிச் சலூனில் பாதிப் பிளேடு ஒடிபடும் ஓசையைக் கேட்டு நாம் பெருமூச்சு விடவில்லை. அது நல்ல மாறுதல். பழைய கத்தி திரும்ப வேண்டுமென்று பேசுவோர் அதைத் தங்கள் வீட்டில், தங்கள் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் கத்தி போனதோடு சோதனையும் போய்விட்டதென்று நினைத்தல் தவறு. கத்தியின் கூர்மையை அளக்க இன்று யந்திரங்கள் உண்டு. சமையற் கத்திகளுக்கென்று 2004-ல் சர்வதேசத் தர நிர்ணயச் சங்கம் வெளியிட்ட 8442-ஆம் தரத்தின் ஐந்தாம் பகுதியில், மணற்பொடி கலந்த அட்டையைக் கத்தி எத்தனை ஆழம் அறுக்கிறதென்று கணக்கிடும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும் முகத்தின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பது இன்னமும் உண்மை. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உருக்கைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மெதுவான மயிர், உருக்கை எப்படி மழுங்கச் செய்கிறது என்பதே அவர்கள் கேள்வி. அவர்களுள் ஜான்லூக்கா ரோஸியோலி என்ற மாணவர் தம் முகத்தைத் தாமே மழித்து, ஒவ்வொரு சவரத்துக்குப் பின்னும் பிளேடை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். வாய் முழுதும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மயிர் வளைந்து சாய்ந்து அழுத்தும்போது, உருக்கின் உள்ளமைப்பு ஒரு சீராக இல்லாத இடங்களில் நுண்ணிய சில்லுகளாக உடைந்து விழுகிறது என்று கண்டார்கள். கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த சாலையிலும் சோதனைக்கு வேண்டியிருந்தது ஒரு மாணவருடைய தாடி.

சேரப்பணஞ்சேரியைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அநேகம். அங்கே உருக்கை வெட்டும் உளிகளும் துரப்பணங்களும் ஓயாமல் மழுங்குகின்றன. அவற்றைச் சாணை பிடித்துத் திரும்பக் கொடுப்பதே தனித் தொழிலாக நடக்கிறது. அங்கேயும் பகைவன் பிசிறுதான். சாணையிலிருந்து எடுத்த உளியில் பிசிறு நின்றால் முதல் உருப்படி அழகாக வரும். பத்தாவது உருப்படி அளவு தப்பிப் போகும். தொழிற் பயிற்சிக் கூடங்களிலிருந்து வரும் வாலிபர்களுக்கு மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரிகிறது; யந்திரத்தின் திரையில் வரும் எண்களைப் படிக்கத் தெரிகிறது. இது போதாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கே விடை சொல்லும், எந்தக் கேள்விக்கு என்பதைத் தெரிந்துகொள் என்ற பாடத்தை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அந்தப் பாடம் ஒரு காலத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தது. அதைச் சுமந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் கடந்து, பேரப்பிள்ளைகளின் சலூன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிற் பயிற்சிக் கூடத்து ஆசிரியர்கள் மாணவரைப் பத்துப் பத்துப் பேராக அவர்களிடம் அழைத்துச் சென்று, ஒரு கல்லையும் ஒரு பழைய கத்தியையும் கையில் கொடுத்து, இது பதமா அல்லவா, எப்படித் தெரிகிறது என்று கேட்கச் செய்யலாம். சொன்னதை எழுதிக்கொள்ளவும், எழுதியதன் தலைப்பில் சொன்னவர் பெயரை முதலில் போடவும் செய்யலாம். இதற்குச் சர்க்கார் உத்தரவு ஒன்றும் தேவையில்லை.

அப்படிப்பட்ட சாணைப் பட்டறைகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. தேர்ந்த தொழிலாளி, சக்கரம் நின்றதும் உளியைத் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறார். வெள்ளை இழை மின்னவில்லை. பிறகு தம் கட்டைவிரல் நகத்தின்மேல் அதை லேசாக வைக்கிறார். அது வழுக்காமல் நிற்கிறது. அதற்குப் பிறகே அளவு பார்ப்பதற்கு அதை யந்திரத்திடம் அனுப்புகிறார்.